பின்னட்டையில் நடந்த கல்யாணம்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மகளும் நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் புத்தகம். போனில் பேசினால் சண்டைதான் மிஞ்சுகிறது, ஆளுக்கொரு பிரதி வாங்கிப் படித்துக் கடிதம் எழுதிக்கொள்வோம் என்றது நீங்கள்தான். மாயாஜாலக் கதையெல்லாம் எனக்கு ஒத்துவராது என்று அலுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். ஆனால் எந்த மந்திரம் போட்டாலும் மறுநாள்தான் பலிக்கும் அந்த மந்திரவாதி என்னைக் கவிழ்த்துவிட்டான். இன்று வயலில் நின்று மழை கேட்கிறான். நாளை அவன் அரசவையில் நிற்கும்போது ராஜா தலையில் கொட்டுகிறது. சலவைக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் அம்மா ஓடிவந்து, "என்னம்மா ஆச்சு, மெஷின்ல கையை விட்டுட்டியா?" என்று கேட்டார்.

குறையும் உண்டு. நடுவில் வரும் குதிரைப் பந்தயம் ஜவ்வாக இழுக்கிறது. இளவரசிக்கு ஆசிரியர் வாயை மட்டும் கொடுத்திருக்கிறார், மனசைக் கொடுக்க மறந்துவிட்டார். ஆனால் அந்த டிராகன்! உள்ளே நெருப்பு அணைந்துபோனது யாருக்கும் தெரியக்கூடாதென்று குகைவாசலில் ஈர விறகை எரித்துப் புகைவிட்டுக்கொண்டு உறுமுகிறதே. முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை.

ஏனென்று சொல்கிறேன். போன கடிதத்தில், இளவரசிக்கும் மந்திரவாதிக்கும் நடக்கும் கல்யாணம் பிரமாதம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியொரு கல்யாணமே புத்தகத்தில் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை மறுபடி தேடிப் பார்த்துவிட்டேன். அவள் அவனைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறாள். கல்யாணம் பின்னட்டையில் மட்டும்தான் நடக்கிறது. அந்தக் கதைச்சுருக்கத்தை எழுதிய புண்ணியவான் புத்தகத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது. நீங்களும் படிக்கவில்லை. கடைப் பலகையைக்கூட ஒரு எழுத்து விடாமல் படிக்கிற மனுஷர் நீங்கள்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தால் ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. போன கடிதம் உங்கள் கையெழுத்தில் இல்லை. கைவலி, அங்கே உங்களோடு அறையில் தங்கி வேலைபார்க்கும் தம்பி எழுதினான் என்றீர்கள், நம்பினேன். வீடியோவில் முகத்தைக் காட்டுங்கள் என்றால் சிக்னல் இல்லை என்றீர்கள், அதையும் நம்பினேன். நேற்று விடுதிப் படுக்கைவிரிப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பொழுதெல்லாம் வெல்டிங் நெருப்பைப் பார்க்கிற உங்கள் கண் ஞாபகம் வந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. விரிப்பு கருகிப்போய், மேற்பார்வையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கண் தெரியவில்லை என்றால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயமா? அனுப்பட்டும். எங்களுக்கு நீங்கள் வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டா நடந்தீர்கள்? நினைத்தால் கோபமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. குகைவாசலில் புகைவிட்டது போதும்.

தம்பி, இதை அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பது நீங்கள்தான் என்று தெரியும். பின்னட்டையைப் படித்துக் காட்டியதும் நீங்கள்தான். வேலை அலுப்பில் அவ்வளவுதான் முடிந்திருக்கும், உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. "போதும்டா, மடிச்சு வை" என்று இந்நேரம் சொல்லியிருப்பார். மடிக்காதீர்கள். விடிந்ததும் அவர் கையைப் பிடித்துக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மருத்துவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள். அவர் எழுதச் சொல்வதை எழுதாதீர்கள்.

புத்தகத்தை அவர் படிக்க வேண்டாம், வந்து சேரட்டும், முதல் பக்கத்திலிருந்து நான் வாசிக்கிறேன் என்று சொல்லுங்கள். நான் வாசிக்கிறேன் என்ற அந்த வரியை மட்டும் அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். நீங்கள் நன்றாக இருப்பீர்கள், தம்பி.

இப்படிக்கு,
உங்கள் அக்கா