அளவுச் சட்டை

சங்கரன்கோவில்
18-6-1979

சிரஞ்சீவி பெத்துராஜுக்கு அப்பா வாழ்த்தி எழுதுவது. கோமதி அம்மன் புண்ணியத்தில் இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி பூமாரி மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நாக்பூரில் வெயில் தணிந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை எழுதவும். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனாலும் கோயிலைச் சுற்றியே தீருவேன் என்று போய்விட்டு வந்து தைலம் எங்கே என்று கேட்கிறாள். பூமாரி டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டாள், சாப்பிடும்போது கூட தட்டின் ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாம், நமக்குக் காற்றும் புழுதியும்தான். எனக்கு இந்த மாதம் முழுவதும் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் வேலை, சர்வேயருக்குப் பின்னால் சங்கிலியை இழுத்துக்கொண்டு வயல் வரப்பில் நடக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதைத் தபாலில் போட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. உங்கள் கம்பெனியில் குடோன் குமாஸ்தாக்களிலிருந்து விற்பனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஜூலை ஒன்பதாம் தேதி பம்பாயில் இண்டர்வியூ, ஆனால் நான் போகப்போவதில்லை என்று நீ எழுதியிருந்தாய். காரணத்தை மட்டும் கடைசியில் அரை வரியில் எழுதியிருந்தாய், போன வருடம் இதே மாதிரி ஒரு இடத்துக்குப் போனபோது உன் சட்டைக் கையைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள், இது உன் தம்பி சட்டையா என்று ஒருவர் கேட்டார், அதனால் குடோனே போதும் என்று. சட்டைக்காக ஒருவன் பிழைப்பை விடுவானா, உனக்கு ரோஷம் அதிகமாகிவிட்டது என்று நானும் கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதினேனே தவிர எனக்கு அது பிடிபடவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி நல்ல துணியாகப் பார்த்து எடுத்து நம் கபீர் பாய் கடையில் தைத்து அனுப்புகிற சட்டையைப் பார்த்து ஒருவன் ஏன் சிரிக்க வேண்டும்? என் குணம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் தேரடிப் பக்கம் ஒரு ரெடிமேட் கடைக்குப் போனேன். பையன் ஆறடி மூன்று அங்குலம், ஆள் ஒல்லி, முழுக்கைச் சட்டை வேண்டும் என்றேன். நம்பர் என்ன என்று கேட்டார் கடைக்காரர். அதென்ன நம்பர் என்று நான் கேட்க, முப்பத்தெட்டு நாற்பது நாற்பத்திரண்டு நாற்பத்துநாலு என்று வரிசையாக எடுத்துப் போட்டார். நான் டேப்பைக் கையோடு கொண்டு போயிருந்தேன், எல்லாவற்றையும் மேஜையில் விரித்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். ஒரு ஆச்சரியம் கேள். முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்துநாலுக்குப் போனால் மார்பும் வயிறும் ஆறு அங்குலம் கூடுகிறது, கை நீளம் ஒரே ஒரு அங்குலம்தான் கூடுகிறது. உயரமானவன் என்றால் தடியனாகத்தான் இருப்பான் என்று யாரோ முடிவு பண்ணிவிட்டார்கள். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, நீரு சட்டை எடுக்க வந்தீரா, பட்டா மாத்த வந்தீரா?" என்றார். அப்படியானால் ஒல்லியாக உயரமாக இருக்கிற பிள்ளைகள் எங்கேதான் போய்ச் சட்டை வாங்குகிறார்கள் என்று கேட்டேன், "அது எனக்கென்ன தெரியும், அவுக நம்ம கடைக்கு வாரதே இல்ல" என்று மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் தெருவில் நடந்தால் நெட்டையான பையன்களைத்தான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில், சந்தையில், சினிமாக் கொட்டகை வரிசையில் நாலு நாளில் ஒன்பது பேரைப் பார்த்துவிட்டேன், நம்ப மாட்டாய், ஒன்பது பேரும் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துத்தான் விட்டிருக்கிறார்கள். இத்தனை காலமும் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் மடித்துத்தான் விடுவாய், குடோனில் வேலை செய்ய வசதியாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். இதை வீட்டில் வந்து சொன்னபோதுதான் உன் அம்மா கோவில்பட்டி பஸ் கண்டக்டரைப் பற்றிச் சொன்னாள். குருவிகுளத்துப் பையன், வேல்சாமி என்று பெயர், போன தடவை நீ நாக்பூருக்குப் புறப்பட்ட அன்று பஸ் படியில் நீயும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றீர்களாம், இரண்டு தலையும் ஒரே மட்டமாக இருந்ததாம், உடம்பும் உன்னைப் போலவே கம்புமாதிரியாம். நான் மறுநாளே லீவு போட்டுவிட்டு அந்தப் பஸ்ஸில் ஏறி, வேலை ஒன்றும் இல்லாமலே கோவில்பட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அவன் பஸ்ஸுக்குள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டேதான் டிக்கெட் கொடுக்கிறான். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இதற்காகவே காத்திருந்தவன் மாதிரிக் கொட்டித் தீர்த்துவிட்டான். கட்பீஸ் மலிவு என்று அதில் போய் விழக்கூடாதாம், எல்லாத் துண்டையும் நடுத்தர ஆளுக்குத்தான் வெட்டி வைத்திருப்பார்களாம், தையல்காரர் என்ன செய்வார், துணி பற்றாமல் கையில்தான் குறைப்பார். தறிக்காரர்களிடம் நேரே போய் வெட்டாத துணியில் மூன்று மீட்டர் வாங்க வேண்டும், தைக்கும் முன்னால் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே இரண்டு விரல்கடை சுருங்கிவிடும். "வயித்துக்குத் துணி விடாதீயன்னு சொல்லணும் அண்ணாச்சி, கைக்கும் முதுகு நீளத்துக்கும் மட்டும் விடச் சொல்லுங்க" என்றான். அவன் காக்கிச் சட்டை கச்சிதமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓய்வு, கபீர் பாய் கடைக்கு வருகிறாயா தம்பி, என் மகனுக்குப் பதிலாக நீ நின்று அளவு கொடு என்று கூப்பிட்டேன், சரி என்று வந்துவிட்டான். இனி நான் எழுதுவதைப் பொறுமையாகப் படி. நீ ஊரில் இல்லாததால் ஒவ்வொரு வருடமும் நாம் உன் சட்டை ஒன்றைத்தான் அளவுக்குக் கொடுக்கிறோம், நீ பி.யூ.சி. படித்தபோது தைத்த நீலக் கோடு போட்ட சட்டை. அதைக் கபீர் பாய் தன் பெட்டியிலேயே உன் பெயர் எழுதி வைத்திருக்கிறார். வேல்சாமி சும்மா ஒரு விளையாட்டுக்கு அதை எடுத்துப் போட்டுப் பார்த்தான். கை மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை மேலேயே நின்றுவிட்டது. அவன் கையை மேலே தூக்கினான், சட்டை இடுப்பை விட்டு ஏறி வயிறு தெரிந்தது. மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உனக்குப் பதினேழு வயதில் தைத்த சட்டை அது. அதற்குப் பிறகு நீ வளர்ந்திருக்கிறாய், சட்டை வளரவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, வருடா வருடம் பையன் வளர்ந்திருப்பான், கொஞ்சம் தாராளமாக வையுங்கள் பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன், அவர் தாராளத்தை எல்லாம் மார்பிலும் வயிற்றிலும் வைத்திருக்கிறார். ஏழு தீபாவளியாக உனக்குக் கை எட்டாத, உடம்பில் சாக்கு மாதிரித் தொங்குகிற சட்டையை ஆசை ஆசையாகப் பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறேன். கபீர் பாயிடம் கோபமாகத்தான் திரும்பினேன், அவர், "என்னைய ஏன் பாக்கீரு அண்ணாச்சி, நீரு சட்டையத்தானே கொண்டாந்தீரு, புள்ளையக் கொண்டாந்தீரா? கையும் நீளமும் சட்டைக்குச் சட்டை நூல் பிசகாமத் தச்சிருக்கேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பழைய வரைபடத்தில் ஒரு கோடு பிசகியிருந்தால் நகல் எடுக்கிறவர்கள் எல்லாரும் அதையேதான் போடுவார்கள், நேரில் போய்ச் சங்கிலி போட்டால்தான் தெரியும் என்று முப்பது வருடமாகச் சர்வேயர்கள் சொல்லக் கேட்டவன் நான். நீ வருகிற பத்து நாளும் வேட்டியும் துண்டுமாகக் கிடப்பாய், நானும் ஒரு நாள் கூட உன் தோளில் டேப்பை வைத்துப் பார்க்கவில்லை. என் மகன் எவ்வளவு உயரம் என்பதை நான் அன்றைக்குத்தான் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உடம்பில் பார்த்தேன், எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்பியில் குத்தி வைத்திருக்கிற உன் கடிதங்களை எல்லாம் இறக்கி, தீபாவளிக் கடிதங்களை மட்டும் தேடி எடுத்துப் படித்தேன். ஏழிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறாய், சட்டை கிடைத்தது, நன்றாக இருக்கிறது, கச்சிதமாக இருக்கிறது என்று. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "எம்புள்ள நம்ம மனசு சங்கடப்படுமின்னுல்ல வாயத் தொறக்காம இருந்திருக்கான், நீங்க அவனுக்கு ரோஷம்னு எழுதிட்டு வந்தீங்களே" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பூமாரிதான் நடுவில் நின்று சமாதானம் பண்ணினாள்.

மறுநாளே தறிக்காரர் சண்முகையாவிடம் போய் வெள்ளையில் ஒன்றும் இளநீலத்தில் ஒன்றுமாக மூன்று மூன்று மீட்டர் வெட்டி வாங்கினேன், இரண்டு சட்டைத் துணியும் தையல் கூலியும் சேர்த்துக்கூட ரெடிமேட் ஒன்றின் விலைதான் ஆனது. பேண்ட் துணி மட்டும் கடையில் எடுத்தேன், சாம்பல் கலர். அம்மா சட்டைத் துணியை நனைத்துக் காயப்போட்டாள். கபீர் பாய் வேல்சாமியை நிற்க வைத்து மேலும் கீழும் மூன்று தடவை அளந்தார், தைத்த பிறகு இன்னொரு தடவை வரவழைத்துப் போட்டுப் பார்த்துத் தோளில் பிரித்துத் திரும்பத் தைத்தார், கூலி கூடக் கேட்கவில்லை, நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். பேண்டின் அடியில் மூன்று அங்குலம் உள்ளே மடித்திருக்கிறது, பற்றாவிட்டால் அங்கே பிரித்து இறக்கிக்கொள். முந்தாநாள் சனிக்கிழமை பதிவுப் பார்சலில் அனுப்பிவிட்டேன், பத்து நாளில் வந்து சேரும். அதற்குள்ளேயே ஒரு டேப்பும் வைத்திருக்கிறேன். வேல்சாமி அளவு உன் அளவுக்குப் பக்கத்தில் வருமே தவிர உன் அளவு ஆகாது, அதனால் அறையில் கூட இருக்கிற பையனை அளக்கச் சொல்லி கழுத்து, தோள், கை, முதுகு நீளம், மார்பு எல்லாம் எழுதி அனுப்பு, அளக்கும்போது வழக்கம்போலக் கூனிக்கொண்டு நிற்காதே. அந்த நீலக் கோட்டுச் சட்டையை இனிமேல் கபீர் பாய் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆடித் தபசுக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அலைய வேண்டாம். இரவில் கண்டபடி டீ குடிக்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி. கோமதி அம்மனும் சங்கரநாராயணரும் உனக்குத் துணையாக இருந்து நீ நினைத்ததை எல்லாம் முடித்துக் கொடுக்கட்டும். ஞாபகமாக ஒன்பதாம் தேதி பம்பாய்க்குப் போய்விட்டு வா. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அவர்கள் பாடு, கிடைக்காவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை. நான் குறைத்துத் தைத்துக் கொடுத்ததால் என் பிள்ளை வாசல் வரைக்கும் கூடப் போகவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. இந்தச் சட்டையும் சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுது. இனிமேல் நான் அனுப்புகிறது எதுவானாலும், சொல்லுகிறது எதுவானாலும், உனக்குப் பற்றவில்லை என்றால் பற்றவில்லை என்று எழுது. அப்பா வருத்தப்படுவாரே என்று பார்க்காதே. வருத்தப்பட்டால் பட்டுவிட்டுப் போகிறேன், நீ எழுது.

இப்படிக்கு,
உன் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
வெள்ளத்துரை