வலைஞர் தெருவுக்குள் வேல் நுழையலாகாது

நலம் நிலைக்க. வெண்கோட்டு நாடாளும் திருமலிவேள் மன்னரின் திருவாய்மொழி கேட்டுத் தலைமை அமைச்சர் கீரனார் எழுதுவிக்கும் ஓலை. கடல்வளம் குன்றாத தென்துறையின் காவலர் பூதன் செங்கோடர் ஏற்றருள்க. உம் துறையும் குடியும் நோய் நீங்கி வாழ்க.

அம்மை கப்பலேறி உம் துறைக்கு வந்த காலத்தில், அதைத் தடுக்கும் அம்மைப்பாலை அரண்மனை மருத்துவச்சி அல்லியங்கோதையார் ஆக்கிக்கொண்டிருந்தார். தாமே முன்வந்து அதைக் கையில் குத்திக்கொண்டோரை மழைக்காலம் முழுதும் பார்த்த பின்னரே பிறர்க்குத் தருவேன் என்று அவையில் உரைத்தார். அதற்குள் அம்மையால் மாள்வோரும் உளர் என்று நீர் முறையிட்டதை மன்னர் மறக்கவில்லை. ஆயினும் நீர் வீரரை ஏவி அப்பால் நிறைந்த சிமிழ்களைப் பறித்துச் சென்றீர். சந்தைக்கு வந்தோரைப் பிடித்து நிறுத்திக் குத்துவித்தீர். வழியில் வெயில் பட்டு அழுகிய பால் அது. கை வீங்கிப் பலர் மாண்டனர்.

 செய்தி எட்டிய பின் அல்லியங்கோதையார் பாலைக் குளிரக் காக்கும் முறையைத் தேர்ந்து, முன்வந்து குத்திக்கொண்டோரையெல்லாம் மழைக்காலம் கழியும்வரை பார்த்து முடித்து, காவலரின்றி உம் துறையின் வலைஞர் தெருவுக்குச் சென்றார். ஒரு கதவும் திறக்கவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைகளையும் உள்ளேயே ஒளித்திருந்தனர்.

சந்தையில் குத்தப்பட்டுக் கணவன் மாண்ட கயலி என்பாள், இதனால் எவரும் சாகார் என்று சொல்ல இயலுமா எனக் கதவுக்குப் பின்னிருந்து வினவினாள். சொல்ல இயலாது, அரிதாய் எவர்க்கேனும் தீங்கு நேரலாம், அம்மை கொல்வதோ அதனினும் மிகப் பலரை என்றார் மருத்துவச்சியார். பொய் சொல்லியிருந்தால் கதவு அப்போதே திறந்திருக்கும். மறுநாள் கயலி தன் மகள்கள் இருவருள் மூத்தவளை மட்டும் குத்திக்கொள்ள வெளியே விட்டாள். இளையவளை உள்ளே நிறுத்திக்கொண்டாள்.

மூத்தவளுக்கு இப்போது காய்ச்சல் ஏறியிருக்கிறது. வரவேண்டிய காய்ச்சலே என்கிறார் அல்லியங்கோதையார்; எனினும் அவள் பாயருகை விட்டு அவர் எழவில்லை. தெரு முழுதும் அப்பிள்ளையைப் பார்த்து நிற்கிறது. அடுத்த தெருவிலோ அம்மையால் மாண்டோரின் பிணம் எடுக்க ஆளில்லை.

இந்நிலையில், ஒரு கதவு திறந்தது, மற்றவற்றை வீரர் திறப்பர் என்று நீர் விண்ணப்பித்தீர். மன்னர் அதைக் கேட்டு இட்ட ஆணை இது. அத்தெருவுக்குள் ஒரு வேலும் நுழையலாகாது. முன்னர்க் குத்தியது ஆக்கி முடியாத மருந்து, அதைப் பறித்தவன் யானே என்று நீரே ஊர் நடுவில் நின்று சொல்லுக. அப்பிள்ளை பிழைத்தாலும் மாண்டாலும் ஒளியாது பறையறைவிக்க.

நாரை இலச்சினை இட்டோம். ஓலை கொணரும் தூதர், உம் வீரர் தெருமுனையை விட்டு நீங்குவதைக் கண்ணாற் கண்ட பின்னரே திரும்புவார்.