பாண்டிச்சேரி பார்த்த கதை

அண்ணி,

நம்மூர்ச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்களுக்கென்று ஒரு ரொட்டிக்கடை திறந்திருக்கிறார்கள். இன்று காலை அந்தப் பக்கம் போனவள் சூடான ரொட்டி வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். கை நீளத்துக்கு, மேலே முறுகலாக, பாண்டிச்சேரியில் நீங்கள் ஒவ்வொரு தடவையும் வாங்கிய அதே ரொட்டி. "இதக் கொண்டுபோய் வெச்சாதான் உங்கண்ணன் நம்புவாரு" என்பீர்கள். பாழாய்ப்போன மூக்கு, எதையும் மறக்க மாட்டேன் என்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். உங்கள் மகள் மலருக்குக் கீழ்பென்னாத்தூரில் நல்ல இடம் அமைந்திருந்தது. தட்டு மாற்றிய கையோடுதான் மார்பில் கட்டி இருப்பதை என்னிடம் காட்டினீர்கள். ஊரில் டாக்டரிடம் போனால் சாயங்காலத்துக்குள் தேரடி வீதி முழுக்கத் தெரிந்துவிடும் என்று பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்று என்றார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். நீங்கள் மாட்டேன் என்றீர்கள்.

"பொண்ணோட அம்மாவுக்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா, ரத்தத்துல வரும்னு சொல்லி அவங்க கழண்டுக்குவாங்க பாப்பா. கல்யாணம் முடியட்டும். அப்புறம் வந்து அறுத்துக்கறேன்."

"அண்ணன்கிட்டயாவது சொல்லலாம் அண்ணி."

"உங்கண்ணன் வாயில வெத்தலையே தங்காது. இது தங்குமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் உங்களை மீறி நான் என்ன செய்துவிட முடியும்? மாத்திரையையாவது ஒழுங்காக வாங்குங்கள் என்று கெஞ்சி, மாதாமாதம் உங்களோடு பஸ் ஏறினேன். வீட்டில் நாம் சொன்னது, கல்யாணச் சாமான் அங்கே விலை கம்மி, அப்படியே ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்பது. அண்ணன் விடுகிற ஆளா? என்ன பார்த்தீர்கள், எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்பார். அவர் வாயை அடைக்க, ஆஸ்பத்திரி முடிந்ததும் ஏதாவது ஓர் இடத்தை உண்மையிலேயே பார்த்தாக வேண்டியதாயிற்று.

"ஒரு ராஜ்ஜியத்துக்கே தலைநகரம்னு சொன்னியே, நம்ம மாட வீதிய நாலு மடக்கா மடிச்சாப்ல இருக்குது" என்று முதல் தடவையே ஊருக்கு மார்க் போட்டுவிட்டீர்கள். கடற்கரைச் சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று கடலைக்காரர் சொன்னதும், "அடப்பாவமே, அப்ப செஞ்சியிலயே எறங்கியிருக்கலாமே, பஸ் சார்ஜு மிச்சம்" என்றீர்கள். ஸ்டேஷன் பக்கத்துச் சிவப்பு மாதா கோயிலில் வண்ணக் கண்ணாடி வழியே தரையில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "அழுதுட்டுக் கெடக்காதடி. வந்ததுக்கு ஜன்னல்ல என்னென்ன படம் இருக்குதுன்னு பாத்து வெச்சிக்க. ராத்திரி கேப்பாரு" என்றீர்கள்.

பூங்காவில் ஆயி மண்டபத்தைப் பார்த்த அன்று உங்களுக்கு வலி ஜாஸ்தி. தன் வீட்டை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டியவளுக்காகக் கட்டிய மண்டபமாம் என்று சொன்னேன். "இடிச்சிட்டு எங்க போய்ப் படுத்தாளாம்?" என்று கேட்டீர்கள்.

கல்யாணத்துக்கு முந்தின தடவை உங்களால் நடக்கவே முடியவில்லை. கடற்கரைச் சிமெண்டு பெஞ்சில் சாய்ந்தபடி, "பழைய கலங்கரை விளக்கத்த நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வா, எனக்குச் சொல்லு" என்றீர்கள். போய்ப் பார்த்து வந்து சொன்னேன். உயரம், வெள்ளையடித்த சுவர், பூட்டிய கதவு, எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் திருப்பிச் சொல்லிப் பார்த்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"மலருக்கு என்னைக்கும் இது தெரியக் கூடாது பாப்பா. தன் கல்யாணத்துக்காகத்தான் அம்மா வைத்தியம் பண்ணிக்கலன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் அழும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்று வீட்டில் நீங்கள் கலங்கரை விளக்கத்தை வர்ணித்த வர்ணனையில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "வயசாக வயசாக இவளுக்கு ஊர் சுத்தற பைத்தியம் புடிச்சிடுச்சி" என்றார். நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

தாலி ஏறிய மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது அறுத்துப் பிரயோஜனமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் வந்த நோய் என்று வீட்டில் சொன்னீர்கள். எல்லாரும் நம்பினார்கள். கூடம் நிறைய ஆட்கள் இருந்த துக்க வீட்டில், "நாலு எடம் பாத்து அனுபவிச்சிட்டுப் போன மகராசி" என்று யாரோ சொன்னதற்கும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலர் நேற்று வந்திருந்தாள், அண்ணி. அவளுக்கே இப்போது நரை கண்டுவிட்டது. உங்கள் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டே சொன்னாள்: "எவ்ளோ தெம்பா பாண்டிச்சேரியெல்லாம் சுத்துனாங்க, அத்தை. என் கல்யாண அலைச்சல்தான் அம்மாவச் சாச்சிடுச்சி. நான் கொஞ்சம் பொறுத்துக் கட்டியிருக்கலாம்."

இத்தனை வருஷமாக அந்தப் பெண் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லையடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது. நாம் சொன்ன பொய்யிலும் அவள் கல்யாணம்தான் உங்களைக் கொன்றது. உண்மையைச் சொன்னாலும் அதுவேதான். எதைச் சொல்லி நான் அவளை அழாமல் வைப்பேன், அண்ணி?