எழுபது வயது வரை திறக்கும் மூடி

மார்ச் 3, செவ்வாய்

வாக்குச்சீட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. இதுவரை வந்தவை எல்லாம் ஆதரவு. இரண்டில் கருத்துரை உண்டு. ஒருவர் அட்டவணை எண் மாறியிருப்பதைச் சுட்டியிருக்கிறார். இன்னொருவர், ‘மூடி’ என்பதற்கு நாம் தந்திருக்கும் வரையறைப்படி சமையல் பாத்திரத்தின் மேல்தட்டும் மூடியாகிவிடும் என்கிறார். அவர் சொல்வது உண்மை. அவருக்கு வேறு வேலை இல்லை என்பதும் உண்மை.

மாத்திரைக் குப்பிகளுக்கான, குழந்தைகளால் திறக்க முடியாத மூடி பற்றிய தரநிலையின் மூன்றாம் திருத்தம் இது. குழுத்தலைவி நான். ஏப்ரல் முடிவில் என் பதவிக்காலம் முடிகிறது. அதற்குள் இது அச்சேற வேண்டும். இதை ஆசை என்று எழுதலாமா? எழுதலாம். நாட்குறிப்புக்கு எவரும் கருத்துரை அனுப்பப் போவதில்லை.

மருமகளின் சீட்டு இன்னும் வரவில்லை. அவள் மருத்துவமனை மருந்தாளுநர். மருந்தாளுநர் சங்கத்தின் சார்பில் அதே குழுவில் உட்கார்கிறாள். ஒரே வீடு, ஒரே குழு. ஆகவே வீட்டில் வரைவைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவள் குழுவில் சேர்ந்த அன்றே விதி செய்தேன். அவளும் ஒப்புக்கொண்டாள். என் வாழ்நாளில் எதிர்வாக்கு இல்லாமல் நிறைவேறிய ஒரே விதி அது.

மார்ச் 5, வியாழன்

வந்தது. எதிர்வாக்கு.

பிரிவு ஆறு. முதியோர் சோதனையில் ஐம்பது முதல் எழுபது வயது வரை உள்ளவர்கள் மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்கிறது எங்கள் வரைவு. அவள் எழுதியிருப்பது: ‘எழுபது என்ற மேல்வரம்பை நீக்குக. மாத்திரை மிகுதியாக உண்போர் அந்த வயதைக் கடந்தவர்களே. தம்மால் திறக்க முடியாத குப்பியை அவர்கள் மூடாமலே வைப்பார்கள். அல்லது வீட்டில் யாரேனும் மூடியைப் பழுதாக்கித் தருவார்கள். பார்க்க வரும் பேரக்குழந்தைக்கு அந்தக் குப்பி எட்டும்.’

நன்றாக எழுதுகிறாள். வாக்கியம் நிற்கிறது. ஆனால் மேல்வரம்பை நீக்கினால் புதிய சோதனைக் குழு, புதிய சோதனைகள், ஆண்டின் பின்பாதிவரை காத்திருப்பு. என் காலத்தில் முடியாது.

மறுமொழிப் பத்தியில் இரண்டு சொல் எழுதினேன்: ‘சான்று இல்லை.’

இரவுச் சாப்பாட்டின்போது:

“அத்தை, இன்னொரு கரண்டி போடட்டுமா?”

“போதும்.”

“மூஞ்சியப் பாத்தா போதும்னு சொல்ற மாதிரி இல்லையே.”

“போதும்னா போதும். காரணம் எழுதிக் குடுக்கணுமா?”

மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். “ரெண்டு பேரும் சாப்பாட்டப் பத்தித்தானே பேசுறீங்க?”

மருமகள் அந்தக் கரண்டியை அவன் தட்டில் போட்டாள்.

எனக்கு எழுபத்துநான்கு. மூட்டு மாத்திரைக் குப்பியை அன்றாடம் நானே திறக்கிறேன். இந்த மூடி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஓடுகளால் ஆனது. அழுத்தினால்தான் வெளி ஓட்டின் பற்கள் உள் ஓட்டைக் ‘கடக்’கென்று கவ்வும், அழுத்தாவிட்டால் கரகரவென்று வீணே சுற்றும். நான் அழுத்துகிறேன், திருகுகிறேன், திறக்கிறது. அந்தக் ‘கடக்’ மட்டும் கொஞ்ச நாளாக எனக்குக் கேட்பதில்லை. காது போய்க்கொண்டிருக்கிறது. கை இன்னும் போகவில்லை.

மார்ச் 11, புதன்

கருத்துரைக் கூட்டம். ஜன்னல் திறக்காத அறை. மேசை நடுவே தட்டில் மாதிரி மூடிகள். பாத்திர மேல்தட்டுக்காரர் தம் வரையறைக்காக நெடுநேரம் போராடி வென்றார். பிறகு பிரிவு ஆறு.

மருமகள் எழுந்து, எழுதியதையே சுருக்கமாகச் சொன்னாள். மூடி தயாரிப்போர் சார்பில் வருபவரை எல்லோரும் மூடிக்காரர் என்றுதான் அழைக்கிறோம். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. அவர் கையை உயர்த்தினார்.

“எண்பது வயசு ஆளுங்கள நான் எங்கம்மா போய்த் தேடுவேன்? வந்தாலும் அஞ்சு நிமிஷம் டப்பாவத் திறப்பாங்க. அப்புறம் மத்தியானம் வரைக்கும் கதை சொல்லுவாங்க. யாரு கேக்குறது?”

“கதை கேக்குறதுக்குன்னு ஒரு உட்பிரிவு சேத்துடலாம் சார். கட்டாயம்னு போடாம, பரிந்துரைன்னு போடலாம்” என்றாள் மருமகள்.

அறை சிரித்தது. காற்று அவள் பக்கம் திரும்புவதைக் கண்டேன். உடனே நான் சொன்னேன்: “எனக்கு எழுபத்துநாலு. இதே மூடியைத் தினமும் நானே திறக்கிறேன். வரம்புக்கு மேலே இருக்கிறவர்களால் முடியாது என்பதற்கு என்ன சான்று?”

அதற்கும் சிரித்தார்கள், இம்முறை என் பக்கம். அவளது கருத்துரை ‘ஏற்கத்தக்கதன்று’ என முடிவானது. மருமகள் மறுத்துப் பேசவில்லை. மாதிரித் தட்டை மட்டும் என் கைக்கு எட்டாதபடி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கோபம். இருக்கட்டும்.

ஆனாலும் எதிர்வாக்கு எதிர்வாக்குதான். அவளாகத் திரும்பப் பெறாவிட்டால் வரைவு மறுசுற்றுக்குப் போகும். வாக்கை மாற்ற இருபத்தேழாம் தேதிவரை எவருக்கும் உரிமை உண்டு.

மார்ச் 12, வியாழன்

ஒருவரின் அனுபவம் சான்றாகாது என்று எத்தனையோ பேரை இந்தக் குழுவில் உட்கார வைத்திருக்கிறேன். நேற்று என்னை உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

மருமகள் இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பினாள். வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு, எந்த மாத்திரை எந்த வேளை என்று எனக்கே ஒப்பித்தாள். நான் பொறியியல் முதுகலை படித்தவள் என்பதை நினைவூட்டினேன். “தெரியும் அத்தை. அதனாலதான் ரெண்டு தடவை சொல்றேன்” என்றாள்.

நண்பகலில் குழுவின் செயலர் தொலைபேசியில். குரலில் கல்யாணக் களை.

“மேடம், உங்க மருமக எதிர்வாக்கை வாபஸ் வாங்கிட்டாங்க! இனி ஒண்ணுமே பாக்கி இல்ல. இருபத்தேழு தாண்டினா நேரா அச்சுக்கு.”

மகிழ்ச்சிதான். பின் ஏன் நாற்காலியை விட்டு எழாமல் அமர்ந்திருந்தேன்?

மாலையில் மகனிடம் கேட்டேன். வீட்டில் பேசக் கூடாத பொருள் என்பதால் சுற்றி வளைத்தான். கடைசியில்: “அத்தை கையாலயே இது முடியட்டும்னு சொன்னாம்மா. அதுக்கு மேல என்னைக் கேக்காத.”

எனக்காகவா? வாக்கு என்ன தாம்பூலமா, மரியாதைக்கு எடுத்து நீட்ட? வந்ததும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

மூட்டு மாத்திரை தீர்ந்துபோயிற்று. மகன் நேற்று அதே மருந்துக்கடையில் அதே மாத்திரையைப் புதுக் குப்பியில் வாங்கி வைத்தான். காலையில் அழுத்தித் திருகினேன். திறக்கவில்லை.

துணியைச் சுற்றித் திருகினேன். மேசை விளிம்பில் வைத்து உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து அழுத்தினேன். மூடி கரகரவென்று சுற்றியது. குப்பியை ஒரு வசை சொல்லி மேசையில் வைத்துவிட்டு முழங்கையைத் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

கரகரப்பு கேட்டதே?

காதை வைத்துப் பார்க்கவில்லை. எட்டத்தில் பிடித்தபடி மீண்டும் சுற்றினேன். தெளிவாகக் கேட்டது. அப்படியானால் காதுக்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் பழைய மூடி ஏன் —

குப்பைக்கூடையிலிருந்து பழைய குப்பியை எடுத்தேன். அழுத்தாமல் விரல் நுனியால் திருப்பினேன். சமர்த்தாகத் திறந்தது. அதன் வெளி ஓட்டைக் கத்தியால் நெம்பினேன். இரண்டு ஓடுகளுக்கும் நடுவே, மருந்துக் குறிப்புத்தாளிலிருந்து வெட்டிய ஒரு பட்டை. நான்காக மடித்து, வளையமாகச் சுற்றி, பற்கள் நழுவாதபடி இறுகச் செருகியிருந்தாள் மருமகள். என்ன நேர்த்தி! வெளியிலிருந்து பார்த்தால் நானே கண்டுபிடிக்க மாட்டேன். கண்டுபிடிக்கவில்லையே.

அலமாரியில் இருந்த மற்ற குப்பிகளையும் பார்த்தேன். எல்லாவற்றிலும்.

‘வீட்டில் யாரேனும் மூடியைப் பழுதாக்கித் தருவார்கள்.’ அதற்கு எதிரே நான் எழுதியது: சான்று இல்லை. என் அலமாரியே சான்று. அதைக் கூட்டத்தில் வைத்து என்னை ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம் அவள். முடிக்காமல் மாதிரித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். யாராவது விளையாட்டாக, ‘அம்மா, ஒண்ணு திறந்து காட்டுங்க’ என்று சொல்லிவிடக் கூடாதே என்று.

கோபம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லை அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

மதியம் மகன் வரும்வரை மாத்திரை இல்லை. முழங்கால் தன் கருத்துரையை விரிவாகச் சொன்னது.

மார்ச் 24, செவ்வாய்

என் வாக்கை மாற்றினேன். ஆதரவு என்பதை அடித்து எதிர்ப்பு. காரணம்: மருமகள் திரும்பப் பெற்ற கருத்துரை, சொல் மாறாமல். இணைப்பு: மூடி ஒன்று, காகிதப் பட்டை ஒன்று, பயன்படுத்தியவர் குழுத்தலைவி என்ற குறிப்பு ஒன்று.

செயலருக்கு மூச்சு முட்டியது. “மேடம், தலைவியே தன் வரைவுக்கு எதிரா… இதுக்குப் படிவத்துல இடமே இல்ல.”

“கருத்துரைத்தவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எழுதுங்க.”

“உங்க பேர்ல வெளியாக வேண்டியது. அடுத்த தலைவர் பேருக்குப் போயிடும்.”

“போகட்டும். எனக்குத் திறக்காத மூடியில என் பேர் எதுக்கு?”

பேசும்போது நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு அவ்வளவு நன்றாக இல்லை. மூன்று ஆண்டு உழைப்பு. நான்கு வயதுக் குழந்தைகளைக் கூட்டி வைத்துச் செய்த சோதனையில் ஒருத்தி மூடியைக் கடித்தே திறந்துவிட, பிரிவு நான்கை முதலிலிருந்து எழுதினோம். எல்லாம் இன்னொருவர் முன்னுரையின்கீழ் வரும். வரட்டும். வந்தால் சரி. வருத்தமே இல்லை என்று எழுதினால் அதற்கும் சான்று கேட்பேன்.

மார்ச் 25, புதன்

செயலர் அவளிடம் சொல்லிவிட்டார் போலும். காலையிலேயே அழைத்தாள்.

“அத்தை, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? நான் வாபஸ் வாங்கினதை நீங்க எடுத்துப் போட்டீங்களாம்?”

“வார்த்தை மாத்தலை. நல்லா எழுதியிருந்தே.”

“அது உங்களோட கடைசித் தரநிலை அத்தை!”

“தெரியும். எத்தனை நாளா அந்தக் காகித வேலை?”

மறுமுனையிலிருந்து, சின்னக் குரலில்: “பார்த்துட்டீங்களா?”

“எத்தனை நாளா?”

“போன வருஷம் ஒருநாள் டப்பாவோட மல்லுக்கு நின்னுட்டு, மாத்திரையே போடாம விட்டீங்க. அன்னிலேர்ந்து.”

“ஏன் சொல்லலை?”

“வீட்ல மூடிப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு யாரு விதி போட்டது?”

“பயிற்சியில ஒழுங்காச் சாப்பிடு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

மருமகள் இரவு வந்து சேர்ந்தாள். வந்ததும் அலமாரியைத் திறந்து பார்த்தாள். எல்லா மூடியிலிருந்தும் காகிதத்தை நான் எடுத்துவிட்டிருந்தேன்.

“அப்போ எப்படி அத்தை மாத்திரை போட்டீங்க?”

“உன் புருஷன் திறந்து குடுத்தான். ஒருநாள் மறந்தான், ஒருநாள் கொட்டினான்.”

“மறுபடி வெச்சுத் தரட்டுமா?”

“பிரிவு ஆறுக்கு உன் கருத்துரையப் படி. ஆபத்துன்னு நீதானே எழுதியிருக்கே?”

இனிக் காலையில் அவள் திறந்து தர வேண்டும் என்று ஏற்பாடு. தேநீரோடு இரண்டு மாத்திரை. எனக்கு இது பிடிக்கவில்லை. தேநீர் மட்டும் முன்பைவிட நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 30, வியாழன்

கடைசிக் கூட்டம். என் இணைப்பு மேசையைச் சுற்றிக் கைமாறியது. மூடிக்காரர் அந்தப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மருமகளிடம் கேட்டார்: “எங்ககிட்ட வேலைக்கு வர்றீங்களா?” பிறகு என்னிடம்: “அம்மா, மூடிக்குப் புது வார்ப்பு அச்சு செய்யணும். எனக்குச் செலவு வெச்சுட்டீங்க.” மேல்வரம்பு நீங்கியது. எதிர்ப்பு இல்லை.

புதிய தலைவியாக மருமகளைத் தேர்ந்தார்கள். உறவு காரணமாக நான் வாக்களிக்கவில்லை. வாக்களித்திருந்தால் என்ன போட்டிருப்பேன் என்பது இந்தக் குறிப்பேட்டுக்கும் தேவையில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

முதியோர் சோதனை நடந்ததாம். எண்பத்தொரு வயதுக்காரர் ஒருவர் நொடியில் மூடியைத் திறந்துவிட்டு, தம் இளமைக்காலப் படகு விபத்தைத் தொடக்கம் முதல் சொல்லியிருக்கிறார். மூடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாராம். முடிந்ததும், “அப்புறம்?” என்றாராம்.

நவம்பர் 17, செவ்வாய்

தரநிலை போன மாதம் வெளியாயிற்று. முன்னுரையில் என் பெயர் இல்லை. உறுப்பினர் பட்டியலில், பாத்திர மேல்தட்டுக்காரருக்குக் கீழே இருக்கிறது. அகர வரிசை.

இன்று காலை மேசையில் தேநீர் இருந்தது, மாத்திரை இல்லை. அதன் இடத்தில் புதுக் குப்பி. மூடி சற்று அகலம். விரல் பதிய இரு பக்கமும் சிறகு. மருமகள் அடுக்களையில் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம்.

உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கடக்.

திருகினேன். திறந்தது. ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். உள்ளே காகிதம் இல்லை.

“கேட்டுச்சு அத்தை” என்றாள் உள்ளேயிருந்து.

“வீட்ல வரைவைப் பத்திப் பேசக் கூடாது.”

“இது இப்போ வரைவு இல்லையே. தரநிலை ஆயிடுச்சே.”

மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூடியை அழுத்தி மூடினேன்.