பெயர் சொல்ல மாட்டேன்

மச்சான்,

இன்று பின்னேரம் செவ்வாய்க் கூட்டத்துக்குப் புறப்படும்போது என் பழைய கொப்பியை எடுத்தேன். யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது. பின்மட்டையின் உட்பக்கத்தில் உன் உள்ளங்கையின் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. நீ கர்த்தரிடம் போய் ஒன்றரை வருடமாகிறது. மணத்தது கொப்பியா, என் மூக்கின் ஞாபகமா, தெரியவில்லை.

இந்தக் கொப்பியை உனக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெள்ளவத்தையில் வாரம் ஒரு வீடாகக் கூடும் எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பாரத்தைச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். ஜெபம் கேட்கப்பட்டால் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சரி அடையாளம். பரிசுத்தமான ஊழியம்தான். ஆனால் யாருடைய விசா மறுக்கப்பட்டது, யாருடைய மகளின் கலியாணப் பேச்சு குழம்பியது என்று அறிய, பாமன்கடை வரைக்கும் ஆட்கள் என்னைத்தான் விசாரித்தார்கள். "ஊர்க்கதை கதைக்காதேங்கோப்பா" என்று மனைவி அதட்டினால், "கதையில்லையப்பா, ஜெபக் குறிப்பு" என்பேன்.

நீ அந்தக் கொப்பிக்கு வெளியே, கடற்கரைத் தண்டவாளத்தோரம் நடந்துகொண்டே சொன்னாய்: "மச்சான், வலக்கையில ரெண்டு விரல் சொல்லுக் கேக்குதில்லை. நடுங்குது. டொக்டர் இது மாறாத வருத்தம் எண்டிட்டார். வீட்டில இன்னும் சொல்லேல்லை. இந்த நத்தாருக்கு மட்டும் ஓர்கன் வாசிச்சுப்போட்டு நானே எல்லாருக்கும் சொல்லுறன். நீ வாயைத் திறந்திடாத."

இருபத்திரண்டு வருடம் எங்கள் கோயிலில் ஓர்கன் வாசித்தவன், இன்னும் ஒரேயொரு கிறிஸ்து பிறப்புப் பண்டிகையைத்தான் கேட்டாய்.

ஆறு நாள் தாங்கினேன். என் வரலாற்றில் அது சாதனை. ஏழாம் நாள் செவ்வாய். கர்த்தரிடம் தனியாகச் சொன்னால் போதும் என்று மனம் சொன்னது. நாக்கு அதற்குள் எழுந்து நின்றுவிட்டது.

"பெயர் சொல்ல மாட்டன். எங்கட கோயிலில ஓர்கன் வாசிக்கிற ஒரு சகோதரன்ர விரலுக்காக ஜெபிப்பம்."

எங்கள் கோயிலில் ஓர்கன் வாசிப்பவன் ஒருவன்தான். அவன் எனக்கு எதிரே, மனைவியோடு இருந்தான். மூடியிருந்த கண்கள் எல்லாம் திறந்தன. உன் மனைவி உன் கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டா: "எந்த விரலப்பா?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

கோயிலில் எல்லாம் அன்போடுதான் நடந்தது. "நீங்கள் ஓய்வெடுங்கோ" என்றார்கள். அடுத்த ஞாயிறே ஓர்கனில் வேறொரு பிள்ளை இருந்தாள். நத்தாருக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மூன்று கிழமை நீ என் அழைப்பை எடுக்கவில்லை. கடைசியில் லவ் கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க ஒரு பிரசங்கமே தயாரித்திருந்தேன். நீ கதவைத் திறந்ததும் அழுகைதான் வந்தது.

"உள்ளுக்க வா. பெயர் சொல்லிக் கூப்பிடட்டோ, வேண்டாமோ?" என்றாய்.

பிறகு தைலம் பூசிய விரல்களைப் பார்த்தபடி சொன்னாய்: "உன்னோட மட்டுமில்லை, கர்த்தரோடயும் நான் மூண்டு கிழமை கதைக்கேல்லை. என்ர கையை ஏன் எடுத்தனீர், அவன்ர நாக்கை எடுத்திருந்தா ஊரே ஸ்தோத்திரம் சொல்லியிருக்குமே எண்டு ஒருநாள் சண்டை பிடிச்சதோட சரி."

"பிறகு?"

"பிறகென்ன. அவரோட திரும்பக் கதைக்க வெளிக்கிட்டா, உன்னோடயும் கதைக்க வேண்டிக் கிடக்கு. ரெண்டையும் பிரிக்கேலாதாம். கேக்கை வெட்டு."

கேக் முடிந்ததும், "கொப்பி கொண்டுவந்தனியோ?" என்று கேட்டாய். அது எப்போதும் என் பையில்தான். பின்மட்டையின் உட்பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றி, நடுங்கும் எழுத்தில் நீயே ஒரு ஜெபக் குறிப்பு எழுதினாய். என் பெயர், என் தகப்பன் பெயர், அதற்குப் பிறகு: "இவன்ர நாக்கு." ஒளிவு மறைவே இல்லை.

அந்த நத்தாருக்கு நீ கடைசி வரிசை வாங்கில், என் பக்கத்தில் இருந்தாய். ஓர்கன் தொடங்கியபோது உன் விரல்கள் முழங்காலில் வாசித்தன, நடுங்கிக்கொண்டே. உன்னைப் பார்க்கத் துணியாமல் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தேன். பாட்டு முடிந்ததும் குனிந்து சொன்னாய்: "இவ்வளவு காலமும் சுருதி பிசகாமல் வாசிக்கிறதிலயே கவனம் போச்சுது. இண்டைக்குத்தான் இந்தப் பாட்டில என்ன எழுதியிருக்கெண்டு பார்த்தனான்." உன் முகத்தில் கசப்பைத் தேடினேன். இல்லாமலில்லை. ஆனால் அதைக் கூட்டிக்கொண்டே நீ கோயிலுக்கு வந்திருந்தாய். விசுவாசம் என்றால் நோய் மாறுவது என்றுதான் அதுவரை என் கொப்பி நினைத்துக்கொண்டிருந்தது. உன் விரலுக்கு நேரே கடைசிவரை சரி விழவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுவேன். "மேல் பொத்தானைப் போடாத, நான் என்ன பிஷப்போ?" என்பாய். அந்த நேரங்களில் உன் பயங்களைச் சொன்னாய். சாவைப் பற்றியும், மனைவி தனித்துப்போவதைப் பற்றியும். நான் கெடுத்த நம்பிக்கையை என் கையிலேயே திரும்பத் தந்தாய், மச்சான். அதில் ஒரு சொல்லையும் நான் எவருக்கும் சொல்லவில்லை. இந்த மடலிலும் இதற்குமேல் எழுதப்போவதில்லை.

இன்று காலை ஒருவர் தொலைபேசியில் தன் வீட்டுத் துயரம் ஒன்றை எனக்குச் சொன்னார். நல்ல சுடச்சுடச் செய்தி. பின்னேரக் கூட்டத்தில் போதகர் கேட்டார்: "ஏதாவது ஜெபக் குறிப்பு இருக்கோ?"

"ஒண்டும் இல்லை" என்றேன்.

எல்லாரும் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். "உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று ஒரு அக்கா கேட்டா. கடைசியில் என் உடல்நலத்துக்காக ஜெபித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பின்மட்டையைத் திறந்து, உன் எழுத்துக்கு நேரே சரி போடச் சிவப்புப் பேனையை எடுத்தேன். அப்போதுதான், படியிறங்கும்போது அந்த அக்காவிடம் "ஒரு விசயம் இருக்கு, ஆனா சொல்ல மாட்டன்" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

பேனையை மூடி வைத்துவிட்டேன். உன் ஜெபம் அப்படியே இருக்கட்டும், மச்சான். எனக்கு இன்னும் அது தேவைப்படுகிறது.