துண்டுக்குள் போட்ட மார்க்

மச்சான்,

போன வாரம் உன் மகள் லாவண்யா மண்டிக்கு வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே உன் துண்டு. மூன்று தடவை துவைத்தாளாம், மாங்காய்ப் பால் கறை மட்டும் போகவில்லையாம். எப்படிப் போகும்? பாதி ஆயுசுக்கு நாம் விலை பேசிய பெங்களூரா மாங்காய் அதில் ஊறியிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். சோப்பு வாசனைக்கு அடியில் அந்தப் பாலின் காரம் இருந்தது. அதற்கும் அடியில் நீ போடும் புகையிலை. புகையிலை இருந்ததென்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் இது நாகரசம்பட்டிக் காய், இது பாரூர்ப் பக்கத்துக் காய் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை தோப்புக்காரன் பெயரையே சொன்னேன். நீ அதை ஊரெல்லாம் பரப்பும்போது அவன் பெண்டாட்டி பெயரையும் சேர்த்துச் சொன்னதாகப் பரப்பினாய். நான் மறுக்கவில்லை.

துண்டைப் போட்டு எப்படி விலை பேசுவீர்கள் என்று லாவண்யா கேட்டாள். ஓசூரில் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், அவளுக்கு எங்கே தெரியும். சொன்னேன். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்கு அடியில் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்கு நம் முகம் மட்டும்தான் தெரியும், அந்த முகத்தில் விலை தெரியக் கூடாது. கிருஷ்ணகிரி மண்டியில் என் முகத்தைப் பார்த்து விலை கண்டுபிடித்தவன் இன்றுவரை பிறக்கவில்லை. பம்பாய் சேட்டு ஒருவன் என் முகத்தையே அரை நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். அதையும் சொன்னேன், சிரித்தாள்.

ஒன்றை மட்டும் அப்போது சொல்லவில்லை. அந்தத் துண்டுக்குள் நாம் காய் விலை மட்டுமா பேசினோம்?

நீ உன் கட்சி, நான் என் கட்சி. மண்டியில் எல்லாருக்கும் தெரியும். உன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ். நீ என்னைப் பாவா என்பாய், நான் உன்னை மச்சான் என்பேன். கட்சிப் பேச்சு வந்தால் மட்டும் நீ என்னை 'இந்தாளு' என்பாய், நான் உன்னை 'அவங்க ஆளு' என்பேன். டீ வந்ததும் மறுபடியும் பாவா, மச்சான்.

உங்கள் கட்சி ஆள் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்தில்தான் லாவண்யா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் நம் ஊர்ப் பக்கமே வந்து ஏற்றிக்கொள்ளும், அதில் தொந்தரவு இல்லை. திரும்பும்போதுதான் எமன். பஸ் ஹைவேயின் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடும். நம் ஊர்ப் பெண்கள் இருபது பேர், சாப்பாட்டுப் பையும் அடையாள அட்டையுமாக, பெங்களூர் லாரிகளுக்கு நடுவே ஓடி, நடுச்சுவரை ஏறித் தாண்டி, மறுபடியும் ஓடி இந்தப் பக்கம் வர வேண்டும். கீழே ஒரு சுரங்கப்பாதை வேண்டுமென்று ஊரே கேட்டது. பஸ் திரும்பும் நேரத்துக்கு நீ மண்டியில் இருக்க மாட்டாய். எவ்வளவு பெரிய வியாபாரி வந்தாலும் ரோட்டோரம் போய் நின்றிருப்பாய். நீ நிற்பதால் லாரி நிற்குமா என்று நான் கிண்டல் பண்ணினேன். "நிக்காது பாவா. ஆனா எனக்கு நின்னாத்தான் மூச்சு வருது" என்றாய்.

அந்த வருஷம்தான் முதல்முதலாகக் கையில் டேப்லெட் கம்ப்யூட்டரோடு ஒரு பையன் மண்டிக்கு வந்தான். உங்கள் எம்.எல்.ஏ. எப்படி வேலை செய்கிறார், பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டான். உங்கள் கிளைச் செயலாளர் கூடவே நடந்து வந்தார். நீ நெஞ்சை நிமிர்த்தி, பத்து என்றாய். இன்னும் மேலே இல்லையா என்றும் கேட்டாய். அடுத்து நான். ரெண்டு என்றேன், அதுவும் அவர் மூஞ்சி நல்லாயிருக்கிறதற்கு என்றேன். மண்டியே சிரித்தது.

பையன் போன பிறகு நீ துண்டை உதறிப் போட்டாய். காய் எதுவும் இல்லை, வியாபாரியும் இல்லை. கையை நீட்டினேன். என் விரல் மூன்றைப் பிடித்தாய். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உன் கையை முழுசாகப் பிடித்தேன். ஐந்து. ஏன், உங்கள் ஆள் எங்கள் தெருவுக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கிக் கொடுத்திருந்தாரே, அதை இல்லையென்று சொல்ல முடியுமா? வெளியே இரண்டு போட்ட நான் உள்ளே ஐந்து. வெளியே பத்து போட்ட நீ உள்ளே மூன்று. உங்கள் ஆளுக்கு நான் உன்னைவிட நல்லவனாக இருந்தேன், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்தக் கருத்துக்கணிப்பு டிவியில் வந்தபோது உங்கள் ஆளுக்கு அடி. எங்கள் ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நான் மண்டி நடுவே நின்று சொன்னேன். நீயா விடுவாய்? பெட்டியில் மேல் அடுக்குக் காயைப் பார்த்து விலை சொல்கிறவன் பேச்சு இது என்றாய். டிவிக்காரன் யாருக்குச் சொந்தக்காரன், எந்தத் தெருவில் கேட்டான், எந்த நேரத்தில் கேட்டான் என்று வரிசையாகக் கேட்டாய். அடுத்த தேர்தலில் எங்கள் ஆள் ஜெயித்தார். ஒரு வருஷத்தில் மறுபடியும் கருத்துக்கணிப்பு. இப்போது அடி எங்கள் ஆளுக்கு. நீ என் பக்கத்தில் வந்து நின்று, ஒரு பானை சோறு பாவா என்றாய். மேல் அடுக்குக் காய் என்று நான் கத்தினேன். நீ சொன்னதை நானும், நான் சொன்னதை நீயும் வார்த்தை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தோம். யாரும் கவனிக்கவில்லை. நாமும்தான்.

எங்கள் ஆள் காலத்திலும் சுரங்கப்பாதை வரவில்லை. அது மத்திய அரசு வேலை என்றார். உங்கள் ஆளும் அதையேதான் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது, வாயில்லாத எம்.எல்.ஏ. என்று நான் பேசினேன். இவர் சொன்னபோது, சட்டம் அப்படித்தான் என்று விளக்கம் கொடுத்தேன். எட்டாவது பாதியில் நின்றவன் அன்று சட்டம் பேசியதை ஒரு வக்கீலே நின்று கேட்டார். அவர் வேறு யாருக்காகவோ காத்திருந்தார் என்று நீ சொன்னாய். அது பொறாமை.

அந்த முறையும் துண்டுக்குள் கை போட்டோம். எங்கள் ஆளுக்கு என்ன என்று நீ புருவத்தால் கேட்டாய். நான் மூன்று விரலைப் பிடித்தேன். நீ கையை எடுக்கவில்லை. வெளியே சொன்னால் என்ன மச்சான் என்று நான்தான் மெதுவாகக் கேட்டேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நான் சொன்னா உன் ஆளுங்க பட்டாசு வெடிப்பானுங்க. நீ சொன்னா என் ஆளுங்க வெடிப்பானுங்க. ரோட்டுக்கு எவன் வருவான் பாவா?"

இந்த சீசன் ஆரம்பத்தில், முதல் லோடு இறங்கிய அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். காற்று மாதிரி ஓட்டினேன், போலீஸ்காரனே சல்யூட் அடித்து வழிவிட்டான். பாதி வழியிலேயே நீ போய்விட்டாய் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதன் பிறகு அந்தச் சல்யூட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் கட்சிக்காரர்கள் வந்து உன்மேல் கொடி போர்த்தினார்கள். எங்கள் எம்.எல்.ஏ.வும் வந்தார், மாலை போட்டார், வெளியே போய் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் உன் வலது பக்கம் உட்கார்ந்தேன். உன் கை கொடிக்கு அடியில் இருந்தது. நான் கையை உள்ளே விட்டேன். உன் விரல் சில்லென்று இருந்தது. மூன்றைப் பிடித்தேன். உங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடியை இழுக்கப் போகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒருவன் வந்து, எழுந்திருங்கண்ணே, போட்டோ எடுக்கணும் என்றான்.

பிறகு போன மாதம் மறுபடியும் கருத்துக்கணிப்பு வந்தது. இந்தத் தடவை ஒரு பெண், சின்ன வயசு, தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. எங்கள் கிளைச் செயலாளர் அவள் பின்னாலேயே நடந்து, அண்ணன் பத்துதான் போடுவாரு, எழுதிக்கம்மா என்றார். எனக்கு எதிரே நீ உட்காரும் இடத்தில் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வழக்கமாகச் சொல்கிறதுதான். ஆனால் உண்மையை இனி யாரிடம் கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை மச்சான். உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

"மூணு" என்றேன்.

செயலாளருக்குக் காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். எதனால் என்று அந்தப் பெண் கேட்டாள். சுரங்கப்பாதை என்றேன். அதற்கு இதில் இடமில்லை ஐயா, நம்பர் மட்டும்தான் என்றாள்.

அதன் பிறகு நடந்ததை நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்த்திருக்க வேண்டாம். சாயங்காலத்துக்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் விலை போய்விட்டதாக எழுதினார்கள். எவ்வளவுக்கு என்றும் ஆளுக்கொரு கணக்கு. அதில் ஒன்றும் என் தகுதிக்கு ஏற்றதாக இல்லை. உங்கள் ஆட்கள் என் போட்டோவைப் போட்டு, சொந்தக் கட்சிக்காரரே போட்ட மார்க் என்று பேனர் கட்டினார்கள். நான் போய்ச் சொன்னேன். தம்பிகளா, உங்கள் எம்.எல்.ஏ. இருந்தபோது உங்கள் கட்சிக்காரனே மூணுதான் போட்டான், அதையும் எழுதுங்கள் என்றேன். யார் அது என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லவில்லை. அதை இப்ப எதுக்குண்ணே கிளறுறீங்க என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். கணிப்பு வெளியானபோது எங்கள் ஆளுக்கு மறுபடியும் இறக்கம். மாங்காய் விலை விழுந்த நேரத்தில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் எங்கள் ஆட்கள். மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்றார்கள் உங்கள் ஆட்கள். இரண்டு பக்கத்திலும் எல்லாவற்றையும் படித்தேன். சுரங்கப்பாதை என்ற வார்த்தையை எங்கும் காணவில்லை.

எங்கள் எம்.எல்.ஏ. வீட்டுக்குக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. தோளில் கை போட்டார். "நமக்குள்ள சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார்.

நமக்குள்ளேதானே மச்சான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இதை அவரிடம் சொல்லவில்லை. சுரங்கப்பாதை என்று மட்டும் சொன்னேன். அது மத்திய அரசு வேலை என்று தெரிஞ்சுகிட்டே கேக்கறீங்களேண்ணே என்றார். பிறகு என் பேரனுக்கு என்ன படிப்பு என்று விசாரித்தார். எனக்கு வேறு ஏதோ வேண்டுமென்று அவர் முடிவே பண்ணிவிட்டார். யாராக இருந்தாலும் மார்க்கைப் பார்த்து அப்படித்தான் முடிவு பண்ணுகிறார்கள். ஏற்றிப் போட்டால் நம் ஆள், இறக்கிப் போட்டால் விலை போன ஆள். மூன்று என்றால் மூன்றுதான் என்று எடுத்துக்கொள்ள ஒருத்தனும் இல்லை.

நீ போனதிலிருந்து பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டோரம் நான்தான் நிற்கிறேன். நேற்று இந்தப் பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கமே போய்விட்டேன். போகும்போது மூன்று லாரிகள் பிரேக் போட்டன. சரி, ஒன்று. லாவண்யா இறங்கியதும், நீங்க எதுக்கு மாமா இந்தப் பக்கம் வந்தீங்க என்று திட்டினாள். பேனரைப் பார்த்தாளாம். கம்பெனியில் எல்லாரும் பார்த்தார்களாம். எங்களை இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்லை மாமா என்றாள். எப்படிக் கேட்பார்கள்? மார்க் கேட்கிறவர்கள் பகலில் மண்டிக்கு வருகிறார்கள். அப்போது இவர்கள் ஷிப்டில் இருக்கிறார்கள்.

அப்பாவைக் கேட்டிருந்தா என்ன போட்டிருப்பாரு என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டுக்குள் நீ பிடித்த மூன்று, நான் பிடித்த மூன்று, வெளியே கத்திய பத்து, இரண்டு எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்து, கொஞ்சம் ஜோடனையோடுதான் சொன்னேன்.

சிரிக்கவில்லை. கண் லாரிகள் மேலேயே இருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் தெரிஞ்சிருக்கு. அப்பறம் யாருக்காக மாமா கத்தினீங்க?"

கேட்டுவிட்டு என் பதிலுக்காக அவள் நிற்கவில்லை. லாரிகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு ஓடினாள். நடுச்சுவரில் ஏறி நின்று, ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு, குதித்து, மறுபடியும் ஓடி, நம் ஊர்ப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பஸ் இறக்கிவிட்ட பக்கமே நின்றுகொண்டிருந்தேன். எந்தக் கேள்விக்கும் இரண்டு பதில் வைத்திருக்கிறவன் நான், உனக்குத் தெரியும். அவள் கேட்டதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

நாளைக்கும் அவளுக்கு அதே ஷிப்டுதான்.