என் பெயர் வந்த பக்கம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமென்றே எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது, பழுது பார்க்க வந்தவர் மூன்றாவது தடவைதான் கருவிகளையும் கூடக் கொண்டுவந்தார். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் தாளை எடுத்தேன்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு வியாதி பரவியிருக்கிறது. ஆரம்பித்து வைத்தது மூன்றாம் மாடிப் பல் டாக்டர். ஓய்வு பெற்றுப் பொழுது போகாமல் தன் பெயரையே கைபேசியில் தட்டித் தேடியிருக்கிறாள், பதினான்கு இடத்தில் வந்ததாம், ஒன்றில் கையில் இடுக்கியோடு படம் வேறு. லிஃப்டில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாருக்கும் காட்டினாள். மறுநாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு இரண்டு இடம். படத்தில் இருந்தது அதே பெயருள்ள ஒரு குத்துச்சண்டைக்காரி, ஆனால் "சின்ன வயசுல நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று சொல்லி அதையும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்ட வாயெல்லாம் இப்போது பெயர் வருகிறதா என்று கேட்கிறது. "என்னக்கா, உங்க பேர் ஒண்ணும் வரலையா? பாவம், அச்சகத்துல உள்ளேயே உக்காந்து வேலை பார்த்தவங்க" என்று பல் டாக்டர் அனுதாபப்பட்டாள். முப்பத்தொரு வருடம் பிறர் எழுத்தைப் பிழை திருத்தியவள் நான், ஒரு புத்தகத்திலும் என் பெயர் வந்ததில்லை, வராமலிருப்பதுதான் அந்த வேலைக்கு மரியாதை. கண்ணாடி முன் அதிக நேரம் நிற்பதே தற்பெருமை என்று சொல்லிக் கன்னியாஸ்திரிகள் வளர்த்த பெண் வேறு. ஆகவே அன்று மதியம் கதவைத் தாழிட்டுக்கொண்டு தேடினேன்.

மூன்று நாள் ஒன்றும் அகப்படவில்லை. நான்காம் நாள் தலைப்பெழுத்தோடு முழுப்பெயரும் வந்து நின்றது. உன் விடுதித் தோழிகள் நடத்தும் இணைய இதழில் நீ எழுதிய கட்டுரை. பிழையில்லாமல் எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா என்று முதல் வரியிலேயே எழுதி, அடுத்து என் பெயரைப் போட்டிருந்தாய். மூன்று முறை படித்தேன், தொழில் பழக்கப்படி படித்தேன். எழுத்தைப் பார்த்தேன், புள்ளியைப் பார்த்தேன், பத்தி பிரித்த இடத்தைப் பார்த்தேன். இரண்டு காற்புள்ளி குறைந்ததைத் தவிரக் கட்டுரை சுத்தம். பெருமை தாங்கவில்லை. 'என் மகள் என்னைப் பற்றி எழுதியது, கடைசி வரை அவசியம் படிக்கவும்' என்று போட்டு நாற்பத்தோரு பேருக்கு அனுப்பினேன். உன் சித்தப்பா, குடும்ப டாக்டர், அச்சக முதலாளியின் மகன், உன் மாமியார் உட்பட.

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து "படிச்சுட்டு அழுதுட்டேன்க்கா" என்றாள். நன்றி என்றேன். உன் மாமியார் "இப்பத்தான் சம்பந்தி எல்லாம் புரியுது" என்று அனுப்பினார், மகிழ்ச்சி என்று பதில் போட்டேன். உன் சித்தப்பா போன் செய்து "அண்ணி, அவ குழந்தை, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நாற்பத்தாறு வயதில் நீ எந்தக் கணக்கில் குழந்தை என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். கடைசியில் பல் டாக்டர் லிஃப்டில் என் தோளைத் தட்டினாள். உன் அப்பா போன அன்றுகூட என் தோளைத் தட்ட யாரும் துணிந்ததில்லை. "ஏன்க்கா, காய்ச்சல்ல கிடக்கேன்னு எழுதின பிள்ளைக்கா சிவப்பு மை?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து நான்காம் முறை படித்தேன், மற்றவர்கள் படிப்பதுபோல.

பத்து வயதில் விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதம். காய்ச்சல் அடிக்கிறது, எனக்கு இங்கே யாருமில்லை, வந்து கூட்டிக்கொண்டு போ அம்மா. ஏழு பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து அதையே உனக்குத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு எழுதும் முன் அகராதியைப் புரட்டினேன், அழும் முன்பும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். நல்ல வாக்கியம். அதை நான் மூன்று முறை கடந்து போயிருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. வீட்டு விஷயத்தை ஊர் கூட்டிச் சொன்னாயே என்று எழுத உட்கார்ந்தேன், ஊரைக் கூட்டியது நான் என்பது முதல் வரியிலேயே உறைத்தது. அனுப்பியதை அழித்துவிடலாம் என்று தையல்காரம்மா வழி சொன்னாள். அழித்தேன், என் கைபேசியில் மட்டும் அழிந்தது.

கட்டுரையில் ஒன்றைத் திருத்த வேண்டும். பிழை ஏழு அல்ல, ஒன்பது. இரண்டைக் கண்டும் சுழிக்காமல் விட்டேன், காய்ச்சலோடு எழுதிய பிள்ளை என்று. அன்று எனக்குக் கொஞ்சத் தெரிந்தது அவ்வளவுதான், அது உனக்கு எப்படித் தெரிந்திருக்கும். வார்டனுக்குப் போன் செய்து மருந்து கொடுக்கச் சொன்னேன், உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. முதலாளி முன் விடுப்புக் கேட்டு நிற்க என் கர்வம் இடம் கொடுக்கவில்லை. உன் கடிதத்துக்கு நான் பதிலே எழுதவில்லை என்பது முப்பத்தாறு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. பதில் இது. வருகிறேன். எந்த மாதம் தோது என்று எழுது. தோதில்லை என்றாலும் எழுது, கோபமாகவே எழுது.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைந்த ஆயுளோடு இருங்கள். கட்டுரையை எடுத்துவிடாதே, அந்த இரண்டு காற்புள்ளியும் இல்லாமலே கிடக்கட்டும். இந்தக் கடிதத்தை நான் திரும்பப் படிக்கப் போவதில்லை, படித்தால் கிழித்துவிடுவேன். பிழை கண்டால் சுழித்துத் திருப்பி அனுப்பு. சிவப்பு மையிலேயே.

இப்படிக்கு,
அம்மா